என் எடைக்கு வைத்த காற்று

சந்தேகப்படுவதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை. எரிந்துபோன கிடங்கு, காணாமல்போன நகை, தானாகவே உருண்டு பள்ளத்தில் விழுந்த லாரி, எல்லாம் முதலில் என் மேசைக்குத்தான் வரும். இத்தனை வருஷ வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். உண்மை எப்போதும் கொஞ்சம் அலங்கோலமாக இருக்கும். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தி வந்தால், யாரோ மெனக்கெட்டு உட்கார்ந்து பொருத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆகவே, ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் என் கணவர் "உனக்கு ஒரு நல்ல சைக்கிள் வாங்கலாம்னு இருக்கேன்" என்று சொன்னதும் எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"எனக்கா?"

"உனக்குத்தான். நாள் பூரா நாற்காலியிலயே உக்காந்து முதுகு வலிக்குதுங்கறியே. ஞாயித்துக்கிழமை காட்டுப் பாதையில ஒரு சுத்து சுத்திட்டு வந்தா சரியாப் போயிடும்."

"டாக்டர் நடக்கத்தான சொன்னாரு?"

"நடக்கறியா நீ?"

நடக்கவில்லைதான். ஆனால் கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அதுவும் என் வீட்டுக்காரர் சைக்கிள் என்று வாயைத் திறந்தால், அந்தப் பேச்சின் அடிவேர் வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மகா பொறுமைசாலி. கண்ணாடி வில்லை ஒரு மயிரிழை பிசகி உட்கார்ந்தாலும் கழற்றித் திரும்பவும் தேய்க்கிற ஆள். அந்தப் பொறுமையெல்லாம் கடை திறந்திருக்கும் நாட்களோடு சரி. செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. அன்றைக்கு மலைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் குன்றுக்குப் போய், ஆடுகூட யோசித்து இறங்கும் சரிவில் இவர் யோசிக்காமல் இறங்குவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி இறங்கும்போது சைக்கிள் ஒரு பக்கமும் இவர் ஒரு பக்கமுமாகப் பறந்து, கழுத்தெலும்பில் விரிசல் விழுந்தது. மாதக்கணக்கில் கழுத்துப் பட்டையோடு, திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் ஆளே திரும்ப வேண்டியிருந்தது.

"சமதரையில எங்க வேணா ஓட்டுங்க. ஆனா இன்னொரு தடவை இப்படி விழுந்தீங்கன்னா, கழுத்துக்குக் கீழ இருக்கறது எதுவும் உங்க பேச்சைக் கேக்காது" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே என் கையில் அடித்துச் சத்தியம் செய்தார், இனிமேல் குன்றுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று. பழைய சைக்கிளை நானே பக்கத்தில் நின்று விற்க வைத்தேன். சமதரையில் ஓட்டலாமே என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "அதுக்கு நான் வீட்டுலயே ஸ்டூல் போட்டு உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் எனக்குச் சைக்கிள் வாங்கித் தருகிறாராம். அதுவும் சாதாரணச் சைக்கிள் இல்லை. முன்சக்கரத்துக்கு ஒரு ஷாக், பின்சக்கரத்துக்கு ஒரு ஷாக் என்று இரண்டு பக்கமும் அமுங்கி எழும்பும் மலைச் சைக்கிள். முதுகு வலிக்கு!

"அம்மா, அப்பா ஆசையா ஏதோ வாங்கித் தர்றாரு. வாங்கிக்கோயேன். வீட்டுலயும் ஆபீஸ் வேலை பாக்கணுமா?" என்றாள் வெளியூரில் படிக்கும் என் மகள், போனில். அவளுக்கு அப்பா எது செய்தாலும் சரி. இந்த வீட்டில் நான் ஒருத்திதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

கடைக்குப் போனோம். சுவர் முழுக்கச் சைக்கிள்கள் கொக்கிகளில் தொங்கின. ரப்பர் வாசனை. கடைக்காரர், விரல் நகங்களில் எண்ணெய்க் கறுப்பு ஏறிய மெலிந்த மனிதர், மூன்றை இறக்கி வரிசையாக நிறுத்தினார்.

"இது லேசு மேடம். மேட்டுல சும்மா பறக்கும். ஆனா கரடுமுரடுல உங்களை உலுக்கி எடுத்துரும். அந்தக் கடைசி வண்டி முழுக்க எறக்கத்துக்குன்னே செஞ்சது. அதை மேல ஏத்தறதுக்குள்ள உசுரு போயிரும். நடுவுல இருக்கறது ரெண்டுக்கும் பொது. ஏறவும் ஏறலாம், எறங்கவும்..."

"இதான்" என்றார் என் கணவர். அவர் நடுவில் இருந்ததைக் காட்டியபோது கடைக்காரர் இன்னும் வாக்கியத்தை முடித்திருக்கவில்லை.

பிறகு அவர் செய்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டினார், பின் மூட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா என்று. முன்பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை முன்னும் பின்னும் உந்தினார். முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் ஃபோர்க்கில் இந்த வருஷம் உள்ளே என்னவோ மாற்றியிருக்கிறார்களாம், அதைப் பற்றிக் கடைக்காரரிடம் விசாரித்தார். இரண்டு வருஷமாகச் சைக்கிளை மறந்துவிட்ட மனிதருக்கு இந்த வருஷத்து ஃபோர்க்கைப் பற்றி எப்படித் தெரியும்?

"எங்கயோ படிச்சேன்" என்றார்.

"கண்ணாடிக் கடைப் பத்திரிகையிலயா?"

அசடு வழிந்தார்.

அளவு எடுக்கும்போது இன்னொன்று நடந்தது. "மேடத்துக்குச் சின்ன அளவும் சரியா வரும், நடு அளவும் வரும். திருப்பத்துல மடக்கறதுக்குச் சின்னது சுளுவு" என்றார் கடைக்காரர்.

"நடு அளவே இருக்கட்டும்" என்றார் இவர்.

"ஏன்?"

"முதுகு குனியாம ஓட்டலாம் பாரு."

எங்கள் இருவருக்கும் உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். அகலத்தில்தான் வித்தியாசம். என்னைவிட அவர் முப்பது கிலோ கூடுதல். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வேலையில் முதல் பாடம் அது. ஆளைப் பேசவிட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

வண்டியை என் உடம்புக்குத் தக்கபடி அமைக்கும் வேலை அதற்குப் பிறகு தொடங்கியது. அதற்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று நான் நினைக்கவே இல்லை. ஓட்டும்போது என்னென்ன போட்டுக்கொள்வேனோ அதெல்லாம் போட்டுக்கொள்ளச் சொன்னார் கடைக்காரர். ஹெல்மெட், காலணி, முதுகில் தண்ணீர்ப் பை. ஷாக்கின் பளபளப்பான தண்டில் கறுப்பாக ஒரு ரப்பர் வளையம் இருந்தது. அதை மேலே விளிம்பு வரை தள்ளிவிட்டு, "குலுங்காம ஏறி உக்காருங்க. அசையாம இருங்க. அப்புறம் பூ மாதிரி எறங்குங்க" என்றார். ஏறினேன், இறங்கினேன். வளையம் தண்டில் கொஞ்ச தூரம் நகர்ந்து நின்றிருந்தது.

"உங்க எடைக்கு வண்டி இவ்வளவு அமுங்குது. இன்னும் கொஞ்சம் அமுங்கணும்." ஷாக்குக்குள் இருப்பது வெறும் காற்றுதானாம். ஒரு சின்னப் பம்ப்பை எடுத்து அதில் திருகி மாட்டினார். கைக்கடக்கமான பம்ப், ஆனால் டயர் பம்ப்பால் முடியாத அழுத்தத்தையெல்லாம் ஏற்றும், தலையில் ஒரு முள் வைத்த மீட்டர். கொஞ்சம் காற்றை வெளியே விட்டார். திரும்ப ஏறினேன். இப்படிப் பின்னால், அப்புறம் முன்னால், அப்புறம் அமுங்கியது திரும்பி எழும்பும் வேகத்துக்கு ஒரு சிவப்புத் திருகு. கடைசியில் பின் ஷாக்குக்கு நூற்றுப்பத்து என்று முடிவாயிற்று.

"இதே வண்டியில இவர் ஏறினா?" என்று கேட்டேன், கணவரை நேராகப் பார்த்து.

அவர் சட்டென்று பக்கத்து அலமாரியில் இருந்த மணிகளைப் பார்வையிடத் தொடங்கினார். சைக்கிள் மணியில் அவருக்கு அவ்வளவு ஆர்வம் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கடைக்காரர் சிரித்தார். "சார் ஏறினா உக்காரும்போதே பாதி உள்ள போயிரும். எறக்கத்துல பிரேக் புடிச்சா முன்பக்கம் மொத்தமா அமுங்கி, ஆளைத் தலைக்கு மேல தூக்கிப் போட்டுரும். அவருக்குன்னா நூத்தி எம்பதாவது வெக்கணும். அதனால காத்து வெக்காம யாருக்கும் ஓட்டக் குடுக்காதீங்க. டயரையும் வாரா வாரம் பாருங்க. சும்மா நிறுத்தி வெச்சாலே ரெண்டு மூணு பாயின்ட் எறங்கிரும், அது இயற்கை."

வீட்டுக்கு வந்தது. பின்னால் இருக்கும் சின்ன அறையில், துணி காயும் கம்பிக்குக் கீழே நிறுத்தினோம். பம்ப்பை அலமாரியில் வைத்தோம்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்டுக்குள் போகும் அகலமான பாதையில், வேர்களின் மேல் சக்கரம் ஏறி இறங்குவதை உடம்பு உணராமல் போவது ஒரு சுகம். ஒரு பட்டனை அழுத்தி உட்கார்ந்தால் சீட் கீழே இறங்கும், எழுந்து இன்னொரு தடவை அழுத்தினால் தானாக மேலே வரும். அதை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி விளையாடினேன். முதுகு வலிகூடக் குறைந்தது. இப்படியொரு நல்ல காரியத்தைச் செய்த மனிதரையா சந்தேகப்பட்டோம் என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அந்த வெட்கம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை.

டயர்தான் காட்டிக்கொடுத்தது. கடைக்காரர் சொன்னபடி வாராவாரம் புறப்படுவதற்கு முன் காற்றைப் பார்ப்பேன். முதல் ஞாயிறு நான் வைத்தது இருபத்திரண்டு. அடுத்த ஞாயிறு பார்த்தால் இருபத்திரண்டு. அதற்கடுத்த வாரமும் அதே. வண்டி புதிது, அதனால் இறங்கவில்லை என்று நினைத்தேன். அதற்கடுத்த வாரமும் முள் அதே கோட்டில் அசையாமல் நின்றபோது, மீட்டரைப் பிடித்திருந்த என் கை அப்படியே நின்றது. இயற்கை என் வீட்டுக்கு மட்டும் சலுகை கொடுக்காது. இந்த டயரிலிருந்து காற்று இறங்கத்தான் செய்கிறது. யாரோ அதைத் திரும்ப என் அளவுக்கு வைக்கிறார்கள். யாராவது எதற்காக அப்படி வைப்பார்கள்? நடுவில் அது என் அளவில் இல்லாமல் போயிருந்தால்தான் வைப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஆபீஸ். அவருக்கு விடுமுறை.

"நாளைக்கு என்ன பண்ணப்போறீங்க?" என்று அந்தத் திங்கட்கிழமை சாதாரணமாகக் கேட்டேன்.

"என்ன பண்றது? தூங்குவேன். உன் சைக்கிளைத் தொடச்சு வெப்பேன்."

அது ஒரு ஏற்பாடு. வண்டி வந்த நாளிலிருந்தே அவர் தானாக ஏற்றுக்கொண்ட பொறுப்பு. 'உனக்கு எதுக்குச் சிரமம்' என்று சொல்லித் துடைத்து வைப்பார். புதன்கிழமை பார்த்தால் வண்டி பளபளவென்று இருக்கும். எவ்வளவு அன்பான புருஷன் என்று பக்கத்து வீட்டுப் பெண் பொறாமைப்பட்டாள். துடைத்துவிட்டால் குன்றின் மண்ணும் போய்விடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆனாலும் அனுமானத்தை வைத்து ஒரு மனிதரைக் குற்றவாளி ஆக்கக்கூடாது. சான்று வேண்டும். அடுத்த ஞாயிறு ஓட்டிவிட்டு வந்ததும் நானே வண்டியைத் துடைத்தேன். "இந்த வாரம் நீங்க தொட வேண்டாம், எல்லாம் பண்ணிட்டேன்" என்றேன். பின் ஷாக்கின் ரப்பர் வளையம் அன்றைய ஓட்டத்தில் எதுவரை போயிருந்ததோ, அங்கேயே விட்டுவிட்டேன். தண்டில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

புதன்கிழமை காலையில், காபித் தம்ளரோடு அந்த அறைக்குள் போனேன். டயரில் இருபத்திரண்டு. ஷாக்கில் நூற்றுப்பத்து. வண்டி நான் விட்ட இடத்தில், நான் சாய்த்த கோணத்தில் நின்றது. வளையம் மட்டும் மேலே விளிம்போடு ஒட்டி, கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

பழகிய கை. ஓட்டி முடித்ததும் அடுத்த தடவைக்காக வளையத்தை மேலே தள்ளிவிடுவது மலைச் சைக்கிள்காரர்களுக்கெல்லாம் ஊறிப்போன பழக்கம். மற்ற எல்லாத் தடயத்தையும் அழித்த மனிதரால் அந்த விரலை நிறுத்த முடியவில்லை. எனக்கு வந்த கோபத்தைவிட, சொல்லப்போனால், கண்டுபிடித்துவிட்டேன் என்கிற சந்தோஷம்தான் அப்போது பெரிதாக இருந்தது. கோபம் மெதுவாகத்தான் ஏறியது. கழுத்துப் பட்டையோடு இருந்த மாதங்களில் இவருக்குத் தலை துவட்டிவிட்டது நான். இரவில் மூச்சு வருகிறதா என்று எழுந்து பார்த்தது நான். அந்தக் கழுத்தைத்தான் என் சைக்கிளில் வைத்துக் குன்றுக்கு எடுத்துக்கொண்டு போகிறார்.

நேரில் கேட்டிருக்கலாம். மகளிடம் சொல்லிக் கேட்கவைத்திருக்கலாம். நான் அப்படிப்பட்டவள் இல்லை. கேட்டால் பதில் தயாராக இருக்கும். துடைக்கும்போது கை பட்டிருக்கும் என்பார், மழுப்புவார், கடைசியில் சந்தேகப் பிராணி என்று எனக்கே பட்டம் கட்டுவார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், தப்பவே வழி இல்லாதபடி.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் ஆபீஸுக்குப் புறப்படும்போது, அலமாரியில் இருந்த ஷாக் பம்ப்பை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது. அது இல்லாமல் என் நூற்றுப்பத்தை அவருடைய நூற்றெண்பதாக ஆக்க முடியாது. தேடுவார், கிடைக்காது. வேறு வழியில்லாமல் எனக்குப் போன் செய்து "பம்ப் எங்க?" என்று கேட்பார். "எதுக்கு?" என்று நான் கேட்பேன். அந்த ஒரு வார்த்தையை எந்தக் குரலில் கேட்பது என்றுகூட வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

மேசையில் போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஒரு விண்ணப்பத்தைப் படித்தேன், எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஏன் இன்னும் கேட்கவில்லை? இந்நேரம் எழுந்து, சாப்பிட்டு, அலமாரியைப் புரட்டியிருப்பாரே. ஒருவேளை போகவில்லையோ? இல்லை, அவராவது போகாமல் இருப்பதாவது. அப்படியானால் ஏன் கேட்கவில்லை?

எப்படிக் கேட்பார்? கேட்டால் மாட்டிக்கொள்வாரே.

 அவர் கேட்கமாட்டார். கேட்கவும் முடியாமல், போகாமல் இருக்கவும் முடியாமல், இருக்கிற காற்று போதும் என்று ஏறிவிடுவார். என் எடைக்கு வைத்த காற்று. ஆளைத் தலைக்கு மேல் தூக்கிப் போடும் என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னது காதில் கேட்டது. போன் போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். தலைவலி என்று யாரிடமோ சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.

முதலில் வீட்டுக்குப் போனேன். பின்னறை காலி. அலமாரிக் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. டயர் பம்ப் நடு அறையில் நின்றது. டயருக்குத் தன் எடைக்குக் காற்று வைத்துக்கொண்டு, ஷாக்கை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். வெளியே ஓடினேன். சாவியைத் தரையில் போட்டு, தேடி எடுத்து, மறுபடி போட்டேன்.

குன்றின் அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டு ஆபீஸ் செருப்போடு ஏறினேன். மேலே ஒற்றையடிப் பாதை இரண்டு பக்கப் புதருக்கும் நடுவில் செங்குத்தாக ஏறியது. சருகு வழுக்கியது. அவரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. திரும்பவும் கூப்பிட்டேன். தரையில் அசையாமல் கிடக்கும் ஓர் உடம்பை என் கண் ஒவ்வொரு திருப்பத்திலும் தேடியது, இல்லை என்றதும் அடுத்த திருப்பத்துக்கு ஓடியது.

அவர் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். வண்டி பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். உள்ளங்கை தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. கழுத்து நேராக இருந்தது. என்னைப் பார்த்ததும் திரும்பினார். ஆள் திரும்பாமல் கழுத்தை மட்டும் திருப்பினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை அப்படியே கத்தலாக மாற்றினேன்.

"யாரைக் கேட்டு இங்க வந்தீங்க? சத்தியம் பண்ணதெல்லாம் மறந்து போச்சா?"

"மறக்கல."

"எத்தனை நாளா நடக்குது?"

"வண்டி வந்ததுல இருந்து. எல்லாச் செவ்வாயும்."

"எனக்குன்னு சொல்லி வாங்கி, என் காதுல பூ சுத்திட்டு..."

"ஆமா."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒத்திகை பார்த்த வார்த்தைகளெல்லாம் வீணாய்ப் போயின. அவர் என் கைப்பையைப் பார்த்துக் கேட்டார்.

"பம்ப் உன் பையிலதான இருக்கு?"

பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. அது எங்கள் இருவருக்கும் நடுவில் என் கையிலேயே இருந்தது.

"முதல் எறக்கத்துலயே முன்பக்கம் அப்படியே உள்ள போயிடுச்சு" என்றார். "பின்சக்கரம் தரையை விட்டு எழும்பினது தெரிஞ்சுது. அந்த மரம் கைக்கு எட்டுச்சு, புடிச்சுக்கிட்டேன். இல்லன்னா கீழதான்." கீழே என்று அவர் காட்டிய இடத்தை நான் பார்க்கவில்லை. "நீ கண்டுபுடிச்சிட்டேன்னு எனக்கு இப்பத்தான் புரியுது. எப்பத் தெரியும்?"

"போன வாரம். வளையம் மேல இருந்துச்சு."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா ஒத்துக்க மாட்டீங்க."

"அதனால பம்ப்பை எடுத்தே."

"பம்ப் இல்லன்னா என்கிட்ட கேப்பீங்க, அப்பப் புடிச்சுக்கலாம்னு..."

"நான் கேக்கமாட்டேன்னு உனக்குத் தெரியாதா?" குரலை உயர்த்தவே இல்லை. கடையில் வாடிக்கையாளரிடம் எந்த எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்று கேட்கும் அதே குரல். "இருபது வருஷமா என்கூட இருக்கே. கேக்கமாட்டான், ஆனா போவான்னு உனக்குத் தெரியாதா? நான் விழுந்தாலும் பரவால்லன்னு இருந்துச்சா உனக்கு?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் நான் யோசித்தேன். காலையில் பையின் ஜிப்பை இழுக்கும்போது, கடைக்காரர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்ததா இல்லையா? வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டுத்தான் ஜிப்பை மூடினேன். பிடித்துவிட வேண்டும் என்கிற வேகத்தில் அவருடைய கழுத்து எனக்கு இரண்டாம் பட்சமாகிப் போயிருந்தது. "இல்லவே இல்ல" என்று நான் சொன்னபோது அது ரொம்பத் தாமதமாக வந்து சேர்ந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பண்ணது தப்புதான். பொய்தான். அதுக்கு நீ என்ன வேணா சொல்லு" என்றார். "ஆனா ஒவ்வொரு செவ்வாயும் வீட்டுக்கு வந்ததும் தண்ணிகூட குடிக்கமாட்டேன். முதல்ல உன் காத்தைத்தான் திருப்பி வெப்பேன். முன்னாடி, பின்னாடி, டயரு, ரெண்டு தடவை பாப்பேன். ஞாயித்துக்கிழமை நீ ஏறி உக்காரும்போது அது உன்னைத் தூக்கிப் போட்டுரக் கூடாதுன்னு."

பம்ப்பைத் திரும்பப் பையில் போட்டேன். அவர் வண்டியை உருட்ட, நான் பின்னால் நடக்க, குன்றிலிருந்து இறங்கினோம். வீட்டில் அவருடைய உள்ளங்கையைக் கழுவி மருந்து போட்டேன். அவர் கையைக் கொடுத்தார், முகத்தைக் கொடுக்கவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது, இனிமேல் குன்றுக்குப் போகமாட்டேன், ஓட்டினால் சமதரையில்தான் என்றார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக எந்தக் கேள்வியும் கேட்காமல் அவர் சொன்னதை நம்பினேன். சந்தேகப்பட எனக்குத் தெம்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் எழுவதற்கு முன்பே எழுந்தேன். பின் ஷாக்குக்கு நூற்றெண்பது வைத்தேன். முன் ஃபோர்க்குக்கும் டயருக்கும் அவர் எடைக்கு எவ்வளவு வேண்டுமோ பார்த்துப் பார்த்து வைத்தேன். கை வலித்தது. வலித்தது நன்றாகவும் இருந்தது. இருவருமாக வண்டியை ஏரிக்குக் கொண்டுபோனோம். ஏரியைச் சுற்றிப் போகும் பாதை கைக்குழந்தை தவழலாம் போலச் சமமாக இருக்கும்.

"உங்க எடைக்கு வெச்சிருக்கேன். ஒரு சுத்து போயிட்டு வாங்க. நான் இந்த பெஞ்சுல உக்காந்திருக்கேன்."

"நீ ஓட்டலையா?"

"இன்னைக்கு நீங்க."

அவர் தலையாட்டினார். பம்ப்பைக் கேட்டு வாங்கி, ஷாக்கில் திருகி மாட்டி முள்ளைப் பார்த்தார். நான் வைத்தது சரியாக இருந்தது. ஏறப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். சக்கர அச்சை இறுக்கும் பிடியைத் தளர்த்தி, திரும்ப இறுக்கினார். முன்பிரேக்கை அழுத்தினார், பின்பிரேக்கை அழுத்தினார், திரும்பவும் முன்பிரேக். சட்டைப் பையிலிருந்து திருகு முடுக்கும் சின்னச் சாவியை எடுத்துக் கைப்பிடியின் திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். ஒரு தடவைகூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும், அது என்னுடையது. எத்தனையோ பேரின் பொருட்களை, அவர்கள் பக்கத்தில் நிற்கும்போதே நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கைகளை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

"எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"சரியாத்தான் இருக்கு" என்றார்.

ஆனாலும் ஏறவில்லை.